பதினான்காம் வரி

வணக்கம்.
இறக்கி, நிறுவி, கறுப்புத் திரை திறந்து
துடிக்கிற அந்தச் சின்னக் கோட்டை
நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால்
எங்கள் வேலையில் பாதி முடிந்தது.
மீதிப் பாதி
நீங்கள் தப்புப் பண்ணும்போது தொடங்கும்.

கடலூர் மஞ்சக்குப்பம்,
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒன்றரை அறை.
கம்பைலரைக் கட்டினவன் வில்வநாதன்.
(தொகுப்பி என்றுதான் அட்டையில் போட்டோம்.
அவனே அப்படிக் கூப்பிடுவதில்லை.)
கைப்புத்தகம் ஹமீதா.
பிழைச்செய்திகள் நான்.
யாரும் விரும்பித் திறக்காத இலக்கியம் என்னுடையது.

முதலில் எழுதியது:
‘வரி 14: தவறு.’
பிரம்பைக் காணோம், அதுதான் பாக்கி என்றாள் ஹமீதா.
‘தவறு செய்துவிட்டாய்.’
யாரை நீ என்கிறாய்?
‘தவறு செய்துவிட்டீர்கள்.’
மரியாதையாகத் திட்டு வாங்க
எதிரே கலெக்டர் ஆபீஸ் இருக்கிறதே.
‘தவறு நேர்ந்துள்ளது’ என்று மாற்றினேன்.
யார் வீட்டில் என்று கேட்டான் வில்வநாதன்.

அந்த வாரம் அப்படியே போனது.

உதவி எண் என்று கைப்புத்தகத்தின் பின்னட்டையில் இருப்பது
என் பழைய போன்.
அதில் முதல் அழைப்பு இரவு பதினொன்றே முக்காலுக்கு.
பின்னால் கம்ப்ரசர் சத்தம்.
ஓ.டி.யில் ஐஸ் ஃபேக்டரி, நைட் ஷிஃப்ட், பேர் தேவநாதன்.
எந்தப் படகுக்கு எத்தனை கட்டி கடனில் போனது என்று
கணக்கு எழுத ஆரம்பித்திருக்கிறார்.
பதினான்காம் வரியில் நிற்கிறது.

“மேடம், நமக்கு எந்த ஊரு?”
வண்டிப்பாளையம் என்றேன்.
“சரி. இங்க நமக்கு என்ன புரியலைங்க?”

நமக்கு.
அவர், நான், அந்தப் பெட்டி,
உறுமிக்கொண்டிருந்த கம்ப்ரசரும்கூட
அந்த ஒரு சொல்லுக்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.
ஒரு வாரமாக நான் தேடியதை
ஐஸ் கட்டிக்கு நடுவிலிருந்து ஒருவர்
கேள்வியாகக் கேட்டுவிட்டார்.

இப்போது உங்கள் திரையில் இப்படி வரும்:
‘வரி 14: அடைப்புக்குறி ஒன்று திறந்தது.
மூடிய இடம் நமக்குத் தென்படவில்லை.’
மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.
கோபித்துக்கொள்ளாது.
நூறாவது முறையும் முதல் முறை போலத்தான் படிக்கும்.

ஆனால் ஒன்று.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால்
அளந்து போடும்.
ஆற்றில் ஏன் போடுகிறாய் என்று கேட்காது.

தேவநாதனுக்கு எல்லா வரியும் ஓடிய பிறகு
நாற்பது கட்டி ஏற்றினால் முப்பத்தொன்பது என்றது.
“கரைஞ்சிருக்கும்” என்றாராம் முதலாளி.
மூன்று நாள் எல்லாரும் அதை நம்பினார்கள்.
எங்கள் மொழியில் வரிசை பூஜ்ஜியத்தில் தொடங்கும்.
அவர் ஒன்றிலிருந்து எண்ணினார்.
முதல் கட்டி கணக்குக்கு வெளியே
கோணிக்கடியில் குளிர்ந்துகொண்டே இருந்தது.
இலக்கணம் சரி, பொருள் பிசகு.
இதைப் பிடிக்கிற பிழைச்செய்தி
இதுவரை எனக்கு எழுத வரவில்லை.

அதற்காகத்தான் ‘மாதிரிகள்’ என்ற கோப்புறை.
அதில் ‘ஐஸ்’ என்பது அவருடையது,
தப்பும் திருத்தமும் பக்கத்துப் பக்கத்தில்,
அவர் சம்மதத்தோடு.
கைப்புத்தகம் நாற்பத்தெட்டுப் பக்கம்.
முப்பத்தொன்றாம் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்,
ஹமீதாவுக்கே அது பிடிக்கவில்லை.
ஞாயிறு மாலை மாடிக்கு வரலாம்.
நாற்காலி நான்கு, மின்விசிறி ஒன்று.

போன் இரவு ஒரு மணி வரை எடுப்பேன்.
ஐப்பசியில் கெடிலம் ஏறி
மின்சாரம் போனால் எடுக்க மாட்டேன்.
அப்போது
நிற்கிற வரியை மட்டும் காகிதத்தில் எழுதிக்
கீழே இருதயராஜிடம் கொடுங்கள்.
விளக்கு வந்ததும் மேலே வந்துவிடும்,
பெரும்பாலும்
இரண்டு பிரதியாக.